நீங்க அவருக்கு என்ன வேணும்?

ஆறு வருடங்களுக்கு முன்னால் தாமிரபரணிக் கரையில் இருக்கும் ஒரு சின்ன ஊருக்குப் போயிருந்தேன். போனதற்குக் காரணம் ஒரு நாவல். பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்து, ஓரத்தில் கரையான் ஏறிக் கிடந்ததை 20 ரூபாய்க்கு வாங்கியிருந்தேன். எழுதியவர் பெயரை அதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லை. ஒரு நெல் மில் கணக்குப்பிள்ளையின் வீடு, கல்யாணத்துக்குக் காத்திருக்கும் மூன்று அக்கா தங்கைகள், ஒரு கிணறு. கதை அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெண்கள் அடுக்களையில் பேசிக்கொள்ளும் பேச்சு என் பெரியம்மாக்களின் பேச்சு. சின்ன வயதில் காதில் விழுந்து, வளர்ந்தபின் எங்கேயோ தொலைந்துபோன சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் எழுந்து வந்தன. இரண்டே நாளில் படித்து முடித்துவிட்டு, முன்னுரையின் அடியில் அச்சாகியிருந்த தெருப்பெயரைக் குறித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

தெருவில் ஒரு திண்ணையில் வயதான அம்மா ஒருவர் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். எழுத்தாளரின் வீடு எது என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்றார். "ஒறவெல்லாம் இல்ல ஆச்சி. அவரு எழுதின புஸ்தகம் படிச்சிருக்கேன். வீட்டப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்." ஆச்சிக்கு அது பதிலாகப் படவில்லை. "அவரு போய்ச் சேந்து பதினெட்டு வருசம் ஆச்சே" என்று சொல்லி முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். முனையில் டீக்கடைக்காரர்தான் சொன்னார், வீடு கைமாறிவிட்டதாம். அவர் எழுதி வைத்திருந்த நோட்டுகள் எல்லாம் ஒரு பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டனவாம். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. சொந்தக்காரர்கள் பக்கத்து ஊர்களில் இருக்கிறார்கள், யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவும் இல்லை.

என்னை விடாமல் அரித்தது அந்தக் கேள்விதான். நம் பேச்சில் ஒருவருக்கு ஒருவர் என்ன 'வேணும்' என்று கேட்பது உறவுமுறையைக் கேட்பது. சித்தப்பா வேணும், மச்சான் வேணும் என்று சொல்லலாம். வாசகன் வேணும் என்று சொல்ல முடியாது. அப்படி ஒரு முறையே கிடையாது. ஆச்சி சரியாகத்தான் கேட்டார். என்னிடம்தான் பதில் இல்லை.

## ஒரு பொய்

இரண்டு வருடம் கழித்து அமெரிக்கக் கறுப்பின நாவலாசிரியர் ஆலிஸ் வாக்கரின் ஒரு கட்டுரை கையில் கிடைத்தது. 1975 மார்ச்சில் மிஸ் என்ற அமெரிக்கப் பெண்கள் பத்திரிகையில் வந்து, பிற்பாடு 1983 இல் அவருடைய கட்டுரைத் தொகுப்பில் சேர்ந்தது. தனக்கு முந்தைய தலைமுறைக் கறுப்பின எழுத்தாளரான ஸோரா நீல் ஹர்ஸ்டனின் புதைகுழியைத் தேடிப்போன கதை. வாக்கரை நமக்கெல்லாம் 'தி கலர் பர்ப்பிள்' மூலம் தெரியும். ஆனால் தேடிப்போன 1973 ஆகஸ்டில் அந்த நாவல் இல்லை, புலிட்சர் பரிசு இல்லை. வயது 29, ஒரே ஒரு நாவல் வெளிவந்திருந்தது. ஜார்ஜியாவின் ஈட்டன்டனில் குத்தகை விவசாயக் குடும்பத்தில் எட்டாவது குழந்தையாகப் பிறந்தவர். ஹர்ஸ்டன் வளர்ந்தது ஃபுளோரிடாவின் ஈட்டன்வில். இரண்டு ஊர்ப் பெயர்களும் இப்படி ஒட்டி நிற்பது தற்செயல்தான்; என்றாலும் படிக்கும்போது மனம் ஒரு கணம் அங்கே நின்றது.

ஈட்டன்வில்லில் இறங்கியதும் வாக்கர் முதலில் செய்தது ஒரு பொய் சொன்னது. நான் மிஸ் ஹர்ஸ்டனின் உறவுப் பெண், அவர் எனக்கு 'ஆன்ட்' என்றார். அப்படிச் சொன்னால் சந்தேகப்படாமல் உதவுவார்கள் என்ற எண்ணம். உதவினார்கள். ஹர்ஸ்டனோடு பள்ளியில் படித்த, 80 வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி அவரிடம் பேசினார். ஹர்ஸ்டனின் புத்தகத்தில் கதைசொல்லியாகவே வருகிறவர் அவர். மறுநாள் ஃபோர்ட் பியர்ஸ் ஊரில் சவ அடக்கம் செய்யும் நிறுவனத்திலும் அதே பொய். அந்த இடத்தில் வாக்கர் எழுதுகிறார்: அதற்குள் தான் முழுக்கவே ஸோராவின் உறவுப் பெண்ணாக ஆகிவிட்டதாகவும், பொய் இயல்பாகவே வாயில் வந்ததாகவும். தன்னைப் பொறுத்தவரை ஸோரா தனக்கு ஆன்ட்தான், கறுப்பின மக்கள் எல்லோருக்குமே அப்படித்தான் என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அன்றைக்கு அந்தத் திண்ணைக்கு முன்னால் எனக்கு இது தோன்றவில்லையே என்று இருந்தது. "எனக்குச் சித்தப்பா வேணும் ஆச்சி" என்று சொல்லியிருந்தால் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்திருப்பார். அந்த மனிதர் எப்படி நடப்பார், யாரோடு சண்டை, எந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவார் எல்லாம் கேட்காமலேயே வந்திருக்கும். நான் உண்மை சொன்னேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் தோன்றியது. ஆங்கிலத்தில் ஆன்ட் என்று சொல்லிவிட்டால் போதும்; தமிழில் அப்படித் தப்பிக்க முடியாது. அப்பாவின் அக்காவோ தங்கையோ என்றால் அத்தை, வாக்கர் மருமகள் ஆகிறார். அம்மாவின் அக்கா என்றால் பெரியம்மா, தங்கை என்றால் சித்தி. அப்போது வாக்கர் வெறுமனே மகள். வேறு சொல் கிடையாது. கட்டுரையை இரண்டாவது முறை படித்தபோது மனதுக்குள் நான் 'பெரியம்மா' என்றே படித்தேன். அப்படிப் படித்தவுடன் அது பொய்யாகவே தெரியவில்லை.

பொய் என்ற சொல்லுக்கே ஈட்டன்வில்லில் வேறு மதிப்பு உண்டு. அது 1887 இல் கறுப்பின மக்கள் தாங்களே நகராட்சி அமைத்துக்கொண்ட ஊர். ஹர்ஸ்டனின் அப்பா அங்கே மேயராக இருந்தவர். கடைத் திண்ணையில் சாயங்காலம் ஆண்கள் உட்கார்ந்து கதை சொல்வார்கள். அந்தக் கதைகளுக்கு அவர்கள் வைத்த பெயரே 'பொய்கள்'. வா, ரெண்டு பொய் சொல்லு என்றால் கதை சொல்லு என்று அர்த்தம். நாம் "கதை விடாதே" என்று சொல்வதைத் திருப்பிப் போட்ட மாதிரி. அந்தப் பொய்களைச் சேகரிக்கத்தான் நியூயார்க்கில் மானுடவியல் படித்துவிட்டு ஹர்ஸ்டன் சொந்த ஊருக்குத் திரும்பி வந்தார். பர்னார்டு கல்லூரியில் அப்போது படித்த ஒரே கறுப்பினப் பெண் அவர். மானுடவியல் அறிஞர் ஃபிரான்ஸ் போவாஸின் மாணவி. சேகரித்தவை 1935 இல் 'மியூல்ஸ் அண்ட் மென்' என்ற நூலாக வந்தன. அந்த ஊருக்கு வந்து ஒரு பொய் சொல்லித்தான் அவரை நெருங்க முடிந்தது என்றால், அது அந்த ஊர் வழக்கப்படிச் சரியான வழிதான்.

## அடிக்குறிப்பில் கிடைத்தவர்

வாக்கர் ஹர்ஸ்டனைக் கண்டுபிடித்த விதம் சொல்லியாக வேண்டும். அவருடைய அம்மாவுக்கு 1930களின் பஞ்சத்தில் நடந்தது அது. நிவாரண மாவு வாங்க வரிசையில் நிற்கிறார். வடக்கேயிருந்து உறவினர் அனுப்பிய நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு போனதால், மாவு கொடுக்கும் வெள்ளைக்காரப் பெண் திட்டி விரட்டிவிடுகிறாள். அம்மா பலமுறை சொன்ன சம்பவம். அதை வைத்து 1970 கடைசியில் வாக்கர் ஒரு சிறுகதை எழுதத் தொடங்குகிறார். கதையில் அவமானப்பட்டவள் சூனியக்காரியிடம் போகவேண்டும். கிராமத்துக் கறுப்பின மக்களின் சூனியம், வேர் வைத்தியம் பற்றி அந்தக் காலத்து விவரங்கள் தேவை. தேடினால் கிடைத்ததெல்லாம் வெள்ளை ஆய்வாளர்கள் எழுதியவை. பெரும்பாலும் இளக்காரம். அந்த நூல்களுக்கு நடுவே, ஓர் அடிக்குறிப்பில், ஹர்ஸ்டன் என்ற பெயர்.

அப்படித்தான் 'மியூல்ஸ் அண்ட் மென்' கைக்கு வந்தது. அப்புறம் வாக்கர் அதை என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். மதிப்புரை எழுதவில்லை, சொந்தக்காரர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். வடக்கே பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் குடியேறி, ஊர்க் கதைகளை மறந்துபோனவர்கள். சுற்றி உட்கார்ந்து ஒருவருக்கொருவர் படித்துக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். பெரியவர்கள் தங்கள் அப்பா அம்மா சொன்ன கதைகளை அச்சில் பார்க்கிறார்கள். அந்தக் கதைகளைப் பற்றி வெட்கப்பட எதுவும் இல்லை என்று அப்போதுதான் தெரிகிறது. இழந்த சொர்க்கம் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது என்று வாக்கர் சொல்வதை நான் நம்புகிறேன். என் பெரியம்மாவுக்கு அந்தக் கணக்குப்பிள்ளை வீட்டு நாவலிலிருந்து நாலு பக்கம் படித்துக் காட்டினேன். கண் தெரியாது அவளுக்கு. "இது யாரு எளுதுனா, நம்ம வீட்டுக்கு வந்தவனா?" என்று கேட்டாள்.

அடுத்துப் படித்தது 'தேர் ஐஸ் வேர் வாட்சிங் காட்'. தனக்கு இதைவிட முக்கியமான புத்தகம் வேறு இல்லை என்று வாக்கர் எழுதினார். ஹைத்தியில் இருந்தபோது ஏழே வாரத்தில் ஹர்ஸ்டன் எழுதி முடித்த நாவல், 1937 இல் வந்தது. ஜேனி என்ற பெண்ணின் மூன்று கல்யாணங்கள். அடிமையாக வாழ்ந்த பாட்டி ஆரம்பத்திலேயே அவளிடம் சொல்லிவிடுகிறாள்: கறுப்பினப் பெண்தான் இந்த உலகத்தின் கோவேறு கழுதை, எல்லோரும் இறக்கி வைக்கும் சுமை அவள் முதுகில்தான் ஏறும். பேத்திக்குச் சுமை இல்லாத வாழ்க்கை வேண்டும் என்று 60 ஏக்கர் நிலம் உள்ள கிழவனுக்குக் கட்டிக் கொடுக்கிறாள். பாட்டியின் அன்பே பேத்திக்கு முதல் கூண்டாகிவிடுகிறது. அடுத்து வரும் புருஷன் ஊருக்கு மேயர். கடை வைத்திருக்கிறான், ஆனால் கடைத் திண்ணையில் உட்கார்ந்து கதை பேச ஜேனிக்கு அனுமதி இல்லை, தலைமுடியையும் துணியால் கட்டி மறைக்க வேண்டும். ஊரே திண்ணையில் சிரிக்க அவள் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். பேச்சு யாருக்குச் சொந்தம் என்பதுதான் அந்த நாவலின் உயிர் என்று நான் நினைக்கிறேன். ஓகீசோபி ஏரிப் புயலையும் அதன்பின் வரும் வெறிநாய்க் கடியையும் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு நிற்பது, கடைக்குள் வாய் மூடி நிற்கும் ஜேனி.

## ஒரே புத்தகம், இரண்டு நாவலாசிரியர்கள்

அந்த நாவல் வந்த வருடமே ரிச்சர்ட் ரைட் அதைத் தாக்கி எழுதினார். அவரும் கறுப்பினத்தவர், மூன்று வருடம் கழித்து 'நேட்டிவ் சன்' எழுதிப் பெரிய நாவலாசிரியர் ஆனவர். இந்த நாவலில் கருப்பொருள் இல்லை, செய்தி இல்லை, சிந்தனை இல்லை என்றார். வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்து ஆடிய மேடை ஆட்டம் உண்டு. அதே சிரிப்பைத்தான் ஹர்ஸ்டன் வெள்ளை வாசகர்களுக்குக் கொடுக்கிறார் என்பது அவர் குற்றச்சாட்டு. ரைட்டை வில்லனாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை. மிசிசிப்பியில் பசியோடு வளர்ந்தவர். ஆட்களை மரத்தில் தூக்கிலிடும் நாட்டில், திண்ணையில் உட்கார்ந்து கழுதையைப் பற்றி ஜோக் அடிக்கும் மனிதர்களைப் படித்தால் அவருக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

முப்பது வருடத்துக்கும் மேல் கழித்து அதே சிரிப்பை வாக்கர் வேறு காதால் கேட்டார். ஹர்ஸ்டனின் எழுத்தில் தான் காண்பது ஓர் இனத்தின் ஆரோக்கியம் என்றார்: கறுப்பின மக்கள் முழுமையானவர்கள், சிக்கலானவர்கள், எதனாலும் குறைந்துபோகாதவர்கள் என்ற உணர்வு. வித்தியாசம் எங்கே என்று யோசித்தால், ரைட் அந்தச் சிரிப்பு வெள்ளையர் காதில் எப்படி விழும் என்று பார்த்தார். வாக்கர் தன் வீட்டுக் கூடத்தில் அத்தைமாரும் மாமன்மாரும் சிரிப்பதைப் பார்த்தார். ஈட்டன்வில் திண்ணையில் வெள்ளையர் யாரும் இல்லை. அங்கே அவர்களுக்காக யாரும் சிரிக்கவும் இல்லை. உறவுக்காரி என்று சொல்லிக்கொண்ட பெண்ணால்தான் அதைப் பார்க்க முடிந்தது.

ஆனால் உறவு என்பதால் எல்லாவற்றையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. ஹர்ஸ்டனின் சுயசரிதை 1942 இல் வந்தது. அவர் எழுதியதிலேயே வருந்தத்தக்கது அதுதான், முதல் சில அத்தியாயங்களுக்குப் பிறகு பொய்யாக ஒலிக்கிறது என்று வாக்கர் வெளிப்படையாக எழுதினார். திண்ணைப் பொய் வேறு, உதவி செய்யும் வெள்ளைப் புரவலர்களுக்காக மென்று விழுங்கிய பொய் வேறு. சொந்தக் குடும்பத்தில் மூத்தவர்களைப் பற்றி இப்படிப் பேசுவோம், இல்லையா? வெளியாள் சொன்னால் விடமாட்டோம்.

எழுத்திலும் இந்த உறவு தெரிகிறது. ஹர்ஸ்டன் உரையாடலை முழுக்க ஊர்ப் பேச்சில் எழுதினார். கதை சொல்லும் குரலைப் பெரும்பாலும் எழுத்து ஆங்கிலத்தில் வைத்தார், ஜேனியின் மனதுக்குள் போகும்போது மட்டும் இரண்டும் கலந்துவிடும். வாக்கர் 1982 இல் 'தி கலர் பர்ப்பிள்' எழுதியபோது அந்தக் கடைசி வேலியையும் எடுத்துவிட்டார். ஸீலி முதலில் கடவுளுக்கும் பிறகு தங்கைக்கும் கடிதம் எழுதுகிறாள், அதனால் தங்கையின் கடிதங்கள் தவிரக் கதை முழுவதுமே அவள் பேச்சு; அவளுக்கு மேலே உட்கார்ந்து திருத்தமான மொழியில் விளக்கம் சொல்ல யாரும் இல்லை. கடைக்குள் வாய் மூடி நின்ற ஜேனி இங்கே பேனாவை எடுத்துக்கொண்டாள் என்றுதான் நான் படிக்கிறேன். வட்டார வழக்கில் எழுதலாமா, உரையாடலோடு நிறுத்திக்கொள்ளணுமா என்று நம்மூரில் நடந்த சண்டைகள் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று புரியும். ஒரு நாவலாசிரியர் இன்னொருவரைப் பாராட்டி எத்தனை கட்டுரை எழுதினாலும், அவர் விட்ட இடத்திலிருந்து ஓர் அடி எடுத்து வைப்பதற்கு ஈடாகாது.

## புல்லுக்குள்

சரி, அந்த மயானத்துக்கு வருவோம். ஹர்ஸ்டன் 1960 ஜனவரி 28 அன்று ஃபோர்ட் பியர்ஸில் அரசு நலவிடுதியில் இறந்தார். முந்தைய வருடம் பக்கவாதம் வந்திருந்தது. ஏழு புத்தகங்கள் எழுதியவர். எந்த ஒரு புத்தகத்துக்கும் அவருக்குக் கிடைத்த அதிகபட்ச ராயல்டி 943 டாலர் 75 சென்ட். 1950 இல் மயாமியில் ஒரு வீட்டில் வேலைக்காரியாக இருந்தார். அதே சமயத்தில் ஒரு பெரிய பத்திரிகையில் அவர் கதை வந்திருந்தது. அடக்கத்துக்கு வசூல் செய்தார்கள். கறுப்பின மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட மயானத்தில் புதைத்தார்கள். கல் வைக்கவில்லை. இதில் என்னால் தாங்க முடியாத விவரம் ஒன்று உண்டு. 1945 இல் இதே ஹர்ஸ்டன், டு பாய்ஸ் என்ற பெரிய அறிஞருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஃபுளோரிடாவில் சுமார் 100 ஏக்கர் வாங்கிப் புகழ்பெற்ற கறுப்பின மக்களுக்கென ஒரு மயானம் அமைக்க வேண்டும். சாகும்போது கையில் காசு இருந்ததோ இல்லையோ, அவர்களில் யாரும் அடையாளமில்லாமல் மறக்கப்பட்டுக் கிடக்கக் கூடாது என்பது கடிதத்தின் சாரம். டு பாய்ஸ் இசையவில்லை. பதினைந்து வருடத்தில் அதே ஃபுளோரிடாவில் அடையாளமில்லாமல் கிடந்தது ஹர்ஸ்டனேதான்.

சவ அடக்க நிறுவனத்தில் ஒரு வரைபடம் கிடைக்கிறது. மயானத்துக்கு நடுவே ஒரு வட்டம், அதற்குள் எங்கோ. போய்ப் பார்த்தால் இடுப்பளவு புல். உள்ளூர்ப் பெண் ஒருவர் துணைக்கு வருகிறார். பாம்பு இருக்குமே என்று இருவருக்கும் பயம். பூச்சிகள், வெயில், நீளப் பாவாடை முள்ளில் மாட்டுகிறது. தேடித் தேடி அலுத்துப்போய் வாக்கர் கூப்பிட ஆரம்பிக்கிறார். "ஸோரா!" என்று சத்தமாக. நான் வந்துவிட்டேன், நீ இருக்கிறாயா? துணைக்கு வந்த பெண்ணுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. மறுபடியும் கூப்பிடுகிறார். கூப்பிட்டுக்கொண்டே நடக்கும்போது கால் ஒரு பள்ளத்தில் இறங்குகிறது. ஆறடி நீளம், மூன்று நான்கடி அகலம். மண் உள்வாங்கிய குழி.

எத்தனையோ முறை படித்தும் அந்தக் கூப்பிடும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கிறது. கேலியாகவும் இருக்கலாம், களைப்பாகவும் இருக்கலாம். வாக்கரே அந்த நாளின் உணர்ச்சியைச் சொல்லத் தடுமாறுகிறார், துக்கம் அதிர்ச்சி என்ற வழக்கமான சொற்கள் அதன் ஆழத்துக்குப் பொருந்தவில்லை என்கிறார். ஆனால் இறந்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்ன என்று ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும். வாசகர்கள் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். வீட்டுப் பெண்கள்தான் கூப்பிடுவார்கள். காலையில் உதவிக்காகச் சொன்ன பொய் அந்தப் புல்லுக்குள் எந்த இடத்தில் மெய்யானது என்று கேட்டால், நான் அந்தக் குரலைத்தான் காட்டுவேன்.

பிறகு கல் வாங்கப் போகிறார். எபனி மிஸ்ட் என்ற உயரமான கறுப்புக் கல் கண்ணில் படுகிறது. ஹர்ஸ்டனுக்கு ஏற்ற கம்பீரம். விலை எட்டவில்லை. சாதாரணச் சாம்பல் நிறக் கல்லுக்குச் சொல்லிவிட்டு வருகிறார். அதில் பொறிக்கச் சொன்னது: 'தெற்கின் மேதை', ஜீன் டூமரின் கவிதையில் வரும் தொடர். கீழே நாவலாசிரியர், நாட்டாரியலாளர், மானுடவியலாளர். அதற்கும் கீழே 1901, 1960.

அந்த 1901 தவறு. ஹர்ஸ்டன் பிறந்தது 1891 ஜனவரியில். 13 வயதில் அம்மா போனபிறகு படிப்பு நின்று, கிடைத்த வேலையெல்லாம் செய்து, 26 வயதில் பால்டிமோரில் இலவசப் பள்ளியில் சேர்வதற்காகத் தன் வயதில் பத்தைக் குறைத்துச் சொன்னார். பதினாறு என்றார், சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பத்து வருடத்தை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவே இல்லை. ஆக, படிப்பதற்காக ஒரு பெண் சொன்ன பொய்யும், அவளைப் படித்துவிட்டு வந்த பெண் சொன்ன பொய்யும் ஒரே கல்லில் இருக்கின்றன. தவறான வருடம் என்று இன்றைக்கு எல்லோருக்கும் தெரியும். எனக்கு அது அப்படியே இருக்கட்டும் என்றுதான் தோன்றுகிறது.

## எலும்பு பொறுக்குவது

1977 இல் ராபர்ட் ஹெமன்வே எழுதிய ஹர்ஸ்டன் வாழ்க்கை வரலாற்றுக்கு வாக்கர் முன்னுரை எழுதினார். அதில் சொல்கிறார்: ஒரு மக்கள் கூட்டம் தன் மேதைகளைத் தூக்கி எறிவதில்லை. எறியப்பட்டிருந்தால், நம் பிள்ளைகளுக்காக அவர்களை மறுபடி சேகரிப்பது கலைஞர்களாகிய நம் கடமை, தேவைப்பட்டால் எலும்பு எலும்பாக. இந்தக் கடைசிச் சொல்லை ஆங்கிலத்தில் படிக்கிறவர்கள் உவமையாக எடுத்துக்கொள்வார்கள். எனக்கு நேராக எங்கள் ஊர்ச் சுடுகாடு நினைவுக்கு வந்தது. எரித்த மறுநாள் காலையில் பால் தெளித்துச் சாம்பலைக் கிளறி, கால் எலும்பிலிருந்து தலைவரை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கலயத்தில் போடுவோம். அப்பாவுக்கு நானும் தம்பியும் செய்தோம். சூடு அடங்காத சாம்பல், விரல் நுனி சுட்டது. அந்த வேலைக்குக் கூலிக்கு ஆள் வைக்க மாட்டார்கள், நண்பர்களையும் கூப்பிட மாட்டார்கள். முறை உள்ளவர்கள்தான் செய்யவேண்டும்.

வாக்கர் அதற்கப்புறமும் செய்துகொண்டே இருந்தார். 1978 இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகப் பதிப்பகம் 'தேர் ஐஸ் வேர் வாட்சிங் காட்' நாவலை மறுபடி அச்சிட்டது. 1979 இல் ஹர்ஸ்டனின் எழுத்துகளிலிருந்து ஒரு தொகுப்பை வாக்கரே தொகுத்தார். அப்புறம் 2018. அடிமையாகக் கப்பலில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு, கடைசிக் காலம்வரை அந்தப் பயணத்தை நினைவில் வைத்திருந்த கட்ஜோ லூயிஸ் என்ற முதியவரிடம் ஹர்ஸ்டன் கேட்டு எழுதிய நூல், 1931 இல் முடித்தும் அச்சேறாமல் கிடந்தது. லூயிஸின் பேச்சைத் திருத்திக் கொடுத்தால் போடுகிறோம் என்று பதிப்பகம் கேட்டதற்கு ஹர்ஸ்டன் சம்மதிக்கவில்லை. 'பாராகூன்' என்ற பெயரில் அது வந்தபோது முன்னுரை எழுதியவர் வாக்கர். வயது 74. அந்தப் புல்லுக்குள் இறங்கி 45 வருடம் ஆகியிருந்தது.

இன்னும் ஒன்று. ஹர்ஸ்டன் இறந்தபின் அவர் இருந்த வீட்டைச் சுத்தம் செய்தவர்கள் காகிதங்களை முற்றத்தில் போட்டுத் தீ வைத்தார்கள். அந்த வழியாகப் போன ஒரு துணை ஷெரீப், ஹர்ஸ்டனை அறிந்தவர், வண்டியை நிறுத்தித் தண்ணீர் அடித்து அணைத்தார். கடைசி வருடங்களில் ஹர்ஸ்டன் எழுதிக்கொண்டிருந்த ஏரோது மன்னன் பற்றிய நாவல் அதில் இருந்தது. ஓரம் கருகிய அந்தப் பக்கங்களிலிருந்து 2025 ஜனவரியில்தான் அது புத்தகமாக வந்தது.

அதைப் படித்த வாரம் நான் கணக்குப்பிள்ளை வீட்டு நாவலைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். இரவில் ஒரு மணி நேரம், ஒரு நாளைக்கு இரண்டு பக்கம். யாரும் கேட்கவில்லை, அச்சிடும் உரிமையும் என்னிடம் இல்லை. அவர் பிள்ளைகளைக் கண்டுபிடித்துக் கேட்டால் என்ன சொல்வார்களோ தெரியாது. இப்போது 112 ஆம் பக்கத்தில் இருக்கிறேன். நடு அக்கா கிணற்றடியில் தங்கையிடம் எதையோ சொல்கிறாள். கரையான் அரித்ததில் இரண்டு வார்த்தை போய்விட்டது. பெரியம்மாவிடம் முன்னும் பின்னும் படித்துக் காட்டி, அந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பாள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரு சொல் சொன்னாள். அதைப் பென்சிலால் ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறேன். தட்டச்சில் அந்த இடம் காலியாகவே இருக்கிறது.